நிப்பாட்டச் சொன்ன மூன்று பேர்

அடுத்தவர் பிள்ளைக்கு மார்க் போடும் வேலையில் இருப்பவரால் காய்கறிக் கடைக்குக்கூட நிம்மதியாகப் போக முடியாது. பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர்களுக்கும், கோலப்போட்டிக்கு நடுவராகப் போய் மாட்டிக்கொண்டவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும்.

நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கோடை விடுமுறையில், சீசன் முடிந்த கையோடு, எங்கள் கிளப்பின் ஜூனியர் பெண்கள் ஃபுட்பால் அணிக்குக் காலை ஆறு மணிப் பயிற்சி நடக்கும். முப்பத்தாறு பிள்ளைகள் வருவார்கள். பதினெட்டுப் பேருக்குத்தான் இடம். ஓரமாக நின்று பார்த்து ஒவ்வொருத்தியைப் பற்றியும் நோட்டில் எழுதுவது என் வேலை. அதைப் படித்து முடிவெடுப்பது கோச் பாண்டி அண்ணன் வேலை. திட்டு மட்டும் எனக்கு.

காளவாசல் கத்தரிக்காய்

காளவாசல் காய்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது. முகாமுக்கு வரும் ஒரு பிள்ளையின் அம்மா. மகள் எப்படி விளையாடுகிறாள் என்று கேட்டார். நல்லாத்தான் விளையாடுகிறாள், ஓட்டம்தான் கொஞ்சம் மந்தம் என்று பட்டும் படாமலும் சொன்னேன்.

அந்தம்மா கையிலிருந்த முருங்கைக்காயை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "எம்மக ஓட்டத்தையா மந்தங்கிறீங்க? ஒருநா வீட்டுக்கு வந்து அவகிட்ட பாத்திரம் வெளக்கச் சொல்லிப் பாருங்க டீச்சர், அப்பத் தெரியும்!"

அழகர் லீவு

அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்றும் பயிற்சி உண்டு என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தோம். மைதானத்துக்கு வந்தது பாண்டி அண்ணன், நான், ஒரு நாய். மூன்று பேரும் கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். பிறகு நோட்டை மூடி வைத்துவிட்டு நானும் ஆற்றுக்குக் கிளம்பினேன்.

அங்கே பார்த்தால் பாதி அணி கூட்டத்துக்குள் நிற்கிறது. ஊசி நுழைய முடியாத நெரிசலில் இடது பக்கம் புகுந்து, வலது பக்கம் திரும்பி, எல்லோருக்கும் முன்னால் போய்விட்டார்கள். மைதானத்தில் ஒருநாளாவது இப்படி வழி கண்டுபிடித்திருப்பார்களா? எரிச்சலாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. விளாங்குடியிலிருந்து வரும் எங்கள் கேப்டனை மடக்கிப் பிடித்தேன்.

அவள் பதறவே இல்லை. "அழகரே ஆத்துல இறங்குற அன்னிக்கு நம்ம கிரவுண்டுல இறங்குனா நல்லாவா இருக்கும் டீச்சர்?"

செல்லூர் கார்த்திகா

கார்த்திகாவுக்குக் கோல் அடிக்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. நல்ல உயரம், நல்ல உதை. ஆனால் பந்து கோலுக்குள் போகாது, காம்பவுண்டுச் சுவரைத் தாண்டித்தான் போகும். முகாமின் முதல் வாரத்தில் மட்டும் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டு முறை பந்தைத் திருப்பி எறிந்தார். ஒன்பதாவது முறை அவரே கொண்டுவந்து கொடுத்து, பிள்ளை யார் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவளுடைய அப்பா செல்லூரில் தறி ஓட்டுகிறவர். ஷிஃப்ட் முடிந்த தூக்கக் கண்ணோடு பைக்கில் கொண்டுவந்து விடுவார். இந்த முறை பதினெட்டில் பெயர் வராவிட்டால் ஃபுட்பாலுக்கு முழுக்கு என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பேரு வந்தா பந்து, வரலைனா டைப்ரைட்டிங். அங்கிட்டு ஃபேனாச்சும் இருக்கு டீச்சர்."

ஒரே வார்த்தை

இரண்டாம் வாரக் கடைசியில் சிலரை அனுப்பிவிட வேண்டும். மற்றவர்களுக்கு எப்போதும்போல "வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். கார்த்திகாவுக்கு அப்படி எழுத மனசே வராமல், அவள் பெயருக்கு எதிரே "நிப்பாட்டலாம்" என்று எழுதினேன். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதையே எழுதி நோட்டைப் பாண்டி அண்ணனிடம் கொடுத்தேன்.

எங்கள் பக்கம் அந்தச் சொல் படாத பாடு படும். பஸ்ஸை நிப்பாட்டுவோம். படிப்பிலிருந்து பிள்ளையை நிப்பாட்டுவோம். வரிசையில் ஆளையும் நிப்பாட்டுவோம். மறுநாள் போய்ப் பார்த்தால் கார்த்திகா கையில் கிளவுஸோடு கோலில் நிற்கிறாள்! மற்ற இரண்டு பேரும் அவளுக்கு முன்னால் டிஃபன்ஸில் நிற்கிறார்கள். பழைய கோல்கீப்பருக்கு வயது தாண்டிவிட்டதால் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அண்ணன் கேலி செய்கிறாரோ என்று நினைத்து, இது என்ன அண்ணே என்று கேட்டேன்.

"என்னயக் கேட்டா? நீதானம்மா நிப்பாட்டச் சொன்ன!"

குழம்புச் சட்டி

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பந்து கோலின் மேல் மூலையைப் பார்த்துப் பறந்தது. கார்த்திகா எட்டிப் பிடித்தாள். அடுத்ததையும் பிடித்தாள். மூன்றாவதற்குத் தரையோடு தரையாக விழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். திறந்தால் அவள் டைப்ரைட்டிங்குக்குப் போய்விடுவாள். என் மானத்தைக் காப்பாற்றவும்தான் மூடினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். அண்ணன்மார் சந்தில் கிரிக்கெட் ஆடும்போது இவள்தானாம் விக்கெட் கீப்பர். "பின்னாடி விட்டம்னா பந்து பக்கத்து வீட்டம்மா குழம்புச் சட்டிக்குள்ள போயிரும் டீச்சர். அந்தம்மா வாய்க்கு இந்தப் பந்தெல்லாம் எம்புட்டோ மேலு!"

பதினெட்டு

கடைசி நாள் பட்டியலைப் பாண்டி அண்ணன் வாசித்தார். பதினேழு பெயர் வாசித்தாயிற்று; டிஃபன்ஸ் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள், கார்த்திகா இல்லை. அவளுடைய அப்பா பைக் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். பதினெட்டாவதாக, "கோல்கீப்பர், கார்த்திகா" என்றார். அவள் கத்திய கத்தில் டீக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அப்பா சாவியைக் கீழே போட்டுவிட்டு, அதை எடுக்கிற சாக்கில் குனிந்து கண்ணைத் துடைத்தார். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

அண்ணன் எல்லார் முன்னாலும் திறமையைக் கண்டுபிடிக்கும் என் கண்ணைப் புகழோ புகழ் என்று புகழ்ந்தார். அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பிள்ளைகள் போனதும் அந்தச் சொல்லுக்கு நான் நினைத்த அர்த்தத்தைச் சொல்லிவிட்டேன். மூன்று பேருக்குமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாயிலிருந்த டீ புரையேறி, இருமி, சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நம்ம கோலு, டிஃபன்ஸு பூராம் நீ வேணாம்னு சொன்ன பிள்ளைகளா? ஆத்தா, அடுத்த வருசமும் இப்புடியே எழுது!"

இத்தனை வருஷம் நான் சரியாக எழுதியதை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. இந்த ஒரு பிசகுக்கு மட்டும் கிளப்பில் பொன்னாடை போர்த்திவிட்டார்கள்.