எக்ஸாஸ்ட் ஃபேனும் ஏழாம் வாய்ப்பாடும்

புகை விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. ஷார்ஜாவிலும் துபாயிலும் எத்தனையோ ஹோட்டல் சமையலறைகளில் புகை வெளியே போவது நான் போட்டுக் கொடுத்த வழியில்தான். இன்ஜினியர் பையன்கள் லேப்டாப்பைத் திறப்பதற்குள் நான் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடித்து, ஃபேன் எந்தச் சுவரில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதையும் முழுசாக முடிக்கவில்லை.

போன மாதம் மகள் வயிற்றுப் பேத்தி ஹாலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சூனியக்காரி என்று சொல்லிப் பெண்களைப் பிடித்து எரித்தார்களாம். ஏன் எரித்தார்கள் என்று நாலு காரணம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டீச்சர். பயம், பக்தி, சொத்தாசை என்று மூன்று எழுதிவிட்டு, "தாத்தா, ஒன் மோர் ரீசன் சொல்லுங்க" என்றாள். என்னிடம் ஒன்று இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டேன். எட்டு வயதில் இதே காரியத்துக்குச் சாட்சி சொன்னவன் நான் என்று அந்தக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

அப்போது நாங்கள் குவைத்தில், ஃபர்வானியாவில் இருந்தோம். ஒரே ஃபிளாட்டில் மூன்று குடித்தனம். பெரிய அறையில் அப்பா, அம்மா, நான். சின்ன அறையில் நாகர்கோவில் அக்கா. ஹாலில் ஒரு திரைச்சீலை, அதற்குப் பின்னால் அத்தை. அத்தை அப்பாவின் தங்கை, ஒரு தையல் கடையில் வேலை. மாமா கம்பெனி கேம்ப்பில் இருந்தார். அங்கே பெண்களை உள்ளே விடமாட்டார்கள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மாமா எங்கள் வீட்டுக்கு வருவார். சாப்பிட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் படிப்பார். அத்தை எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருப்போம். சாயங்காலம் பஸ் பிடித்து அவர் போய்விடுவார். கல்யாணமாகி நாலு வருஷம் அவர்களுக்கு.

நாகர்கோவில் அக்காவுக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை. நாற்பது வயது இருக்கலாம், தனி ஆள். எங்களுக்கு முன்பே அந்த ஃபிளாட்டில் இருந்தவள். டூட்டி முடிந்து வந்ததும் தன் அறை வாசலில் என்னை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பாள். ஒப்பித்து முடித்தால் தலையைத் தடவி ஒரு துண்டு கருப்பட்டி தருவாள். ஆறு முடிந்து ஏழில் நின்றிருந்தோம்.

ஒரு வியாழக்கிழமை, அலமாரியில் இருந்த கண்டென்ஸ்டு மில்க் டின்னை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் படுத்து முழுசாகக் குடித்து முடித்தேன். எட்டு வயதில் ஒரு டின்னைத் தனி ஆளாக முடிப்பது சாதாரணமில்லை. மறுநாள் காலையில் வயிறு முறுக்கி வாந்தி எடுத்தேன். சனிக்கிழமை கணக்குப் பரீட்சை வேறு. அதனால் இருந்த வலியோடு கொஞ்சம் இல்லாத வலியையும் சேர்த்துக்கொண்டேன்.

அத்தை என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த நாகர்கோவிலக்கா ஏதாச்சும் திங்கக் குடுத்தாளாடா தங்கம்?"

"கருப்பட்டி."

"தலையத் தடவுனாளா?"

"ஆமா."

"தடவிக்கிட்டே வாய்க்குள்ள ஏதாச்சும் முணுமுணுத்தாளா?"

"ஆமா அத்தே."

ஏழாம் வாய்ப்பாட்டைத்தான் முணுமுணுத்தாள். ஆனால் அத்தை கேட்டது முணுமுணுத்தாளா என்று மட்டும்தானே. நான் ஒரு ஆமா சொன்னேன், குடிக்க விம்டோ சர்பத் வந்தது. இன்னொரு ஆமா சொன்னேன், அம்மா ஆப்பிளைத் தோல் சீவி வாயில் ஊட்டினாள். மாமா பேப்பரால் விசிறினார். மேல் வீட்டு அம்மாள் சேதி கேட்டு இறங்கி வந்து, "சின்னப் புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியுமா?" என்றாள். அதுவரை அந்த வீட்டில் என் பேச்சை யாரும் உட்கார்ந்து கேட்டதில்லை.

சுற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. காய்ந்த மிளகாயும் கல்லுப்பும் எடுத்து என் தலையை மூன்று தரம் சுற்றி, என்னைத் துப்பச் சொல்லி, அடுப்பில் காயவைத்த இரும்புச் சட்டியில் போடவேண்டும். நெடி ஏறி எல்லோரும் இருமினால் ஒன்றுமில்லை. நெடியே வராவிட்டால் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அத்தை சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அந்த ஃபேன் கயித்த இழுடா. ஒனக்கு இருமல் வந்துரும்."

சமையலறைச் சுவரில் இருந்த அந்த எக்ஸாஸ்ட் ஃபேன் அக்கா மீன் பொரிக்கிற அன்றைக்கு மட்டும்தான் ஓடும். தடதடவென்று சத்தம் போடுவதால் மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள். நான் ஸ்டூலில் ஏறி ஒரே இழுப்பில் ஓடவிட்டேன்.

மிளகாய் கருகியது. யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

"அடி ஆத்தி, நெடியே இல்லியே!" என்று மேல் வீட்டு அம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். அம்மா என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

அக்கா டூட்டி முடிந்து வரும்போது மணி இரண்டு. எல்லோரும் ஹாலில் இருந்தார்கள். அத்தை மெதுவான குரலில்தான் பேசினாள்.

"மனசுல வெச்சுக்காதீங்கக்கா. புள்ளை அவன் வாயாலயே சொல்லிட்டான். கீழ நாத்தூர் காதுக்குப் போனா ஒங்க கஃபீல் வரைக்கும் போவும். இந்த ஊர்ல இதுக்கெல்லாம் போலீஸ்தான், ஒங்களுக்கே தெரியும். நாங்க சொல்ல மாட்டோம். நீங்களா ரூம ஒழிச்சுக் குடுத்துட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லது."

கஃபீல் என்பது விசா கொடுத்த முதலாளி, நாத்தூர் என்பது அந்தக் கட்டடத்தின் காவல்காரர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அக்கா வேலையை இழந்து ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான், அதுவும் ஜெயில் வழியாக.

அக்கா அத்தையைத் தாண்டி என் முன்னால் வந்து குந்தி உட்கார்ந்தாள்.

"நான் என்னத்த முணுமுணுத்தேன் மக்ளே? நீயே சொல்லு."

அரபி முதலாளிகளையே பேசி மடக்கியவன் நான். அன்றைக்கு ஏழாம் வாய்ப்பாடு என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பரீட்சை வரும், பரீட்சைக்குப் பின்னால் கண்டென்ஸ்டு மில்க் டின்னும் வரும். "ஞாபகமில்ல" என்றேன்.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். சட்டி அப்படியே அடுப்பில் இருந்தது. ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாந்து அதைப் பார்த்தாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். கயிற்றை இழுத்து ஃபேனை நிறுத்திவிட்டு, இரண்டு மிளகாயைக் கிள்ளிச் சட்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை. மாமா இருமிக்கொண்டே பால்கனிக்கு ஓடினார், மேல் வீட்டு அம்மாள் மாடிக்கு ஓடினாள்.

அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினாள்: "பாத்தீங்களா! அவ கைபட்டதும் நெடி வருது. வெச்சவளே எடுத்துட்டா!"

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். நானும்தான், உடனே வயிறு சரியாகிவிட்டது. அப்பா மட்டும் ஆடிக்கொண்டிருந்த அந்த ஃபேன் கயிற்றையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தங்கையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த வெள்ளிக்கு ஒழிஞ்சு தாறேன்" என்று சொல்லி அக்கா அடுப்பை அணைத்தாள்.

சொன்னபடியே போனாள். ஒரு பெட்டி, ஒரு பாய், மீன் பொரிக்கிற சட்டி. வாசலில் என் தலையைத் தடவக் கையைத் தூக்கியவள் பாதியில் இறக்கிக்கொண்டாள்.

"எட்டாம் வாய்ப்பாட்ட நீயே படிச்சுக்க மக்ளே."

படிக்கவில்லை. ஏழு வரைக்கும் எனக்கு வாயில் வரும், அதற்கு மேல் கால்குலேட்டர்தான். குவைத்தில் யாரைத் தேடினாலும் இரண்டே போனில் பிடித்துவிடுகிற ஆள் நான். அக்காவின் பெயரைத்தான் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அத்தை கெட்டவள் இல்லை. எனக்கு வாந்தி வந்தபோது கையில் ஏந்தியவள் அவள்தான். அவளுக்கு வேண்டியிருந்தது அக்காவின் அறையில் இருந்த ஒன்றுதான்: தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. பேத்தி எழுத வேண்டிய நாலாவது காரணம் அது. இந்த வயதில் எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை.

அக்கா போன அன்று மத்தியானம் மாமா வந்தார். சாப்பிட்டு முடித்து பேப்பரை எடுக்கவில்லை. அத்தை சின்ன அறைக்குள் போனாள், கொஞ்சம் பொறுத்து அவரும் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. அத்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரித்து நான் கேட்டதே இல்லை என்பதால் முதலில் யாரோ என்று நினைத்தேன்.

நான் சமையலறையில் அம்மாவிடம் போய்க் கேட்டேன்.

"அக்காதான் போயிட்டாங்களேம்மா. அத்தை இன்னும் யாருக்குப் பயந்து தாழ்ப்பா போடுறாங்க?"

அம்மா எட்டி ஃபேன் கயிற்றை இழுத்தாள். அது தடதடவென்று ஓடத் தொடங்கியது. அடுப்பில் எதுவும் இல்லை.