முதுகுப் பையைத் தொடர்ந்து போன நாள்

எழுபதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம் ஆகியிருந்த பங்குனியில், பாண்டிச்சேரியில் நடந்தது இது. நான் வந்தவாசிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது ஆரணியில், பட்டுத்தறி போட்டிருக்கும் வீட்டில். மாப்பிள்ளை நல்ல உழைப்பாளி, குடி கிடையாது, சீட்டு கிடையாது என்று சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். அவருடைய காலைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நடக்கிற பைத்தியம். நாள் முழுக்கத் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு, தறியில் நீளவாட்டில் ஏற்றிய ஒரு பாவு நூலை நெய்து முடித்து அடுத்த பாவு வருகிற வரைக்கும் கிடைக்கிற நாலைந்து நாள்தான் ஓய்வு. மற்றவர்கள் அதில் தூங்குவார்கள், கொட்டகைக்குப் படம் பார்க்கப் போவார்கள். இவர் பட்டாளத்தில் இருந்து வந்த மாமா கொடுத்த காக்கிப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, சந்தவாசல், கலசப்பாக்கம் என்று நடந்தே கிளம்பிவிடுவார். எதிர்வீட்டு அக்கா என்னிடம், "அதுக்குக் கால்ல சக்கரம்மா. ஒருவாட்டி சொல்லாம கொள்ளாமப் போயி ஒரு மாசம் கழிச்சி வந்துச்சி. நீதான் புடிச்சி வெச்சிக்கணும்" என்று சொல்லி வைத்திருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அப்படிப்பட்டவர், "கடல் பாத்திருக்கியா?" என்று கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு கடல் பார்க்கப் போகிறார் என்று தெருவே பேசியது. பாண்டிச்சேரிக்குப் போனது மட்டும்தான் பஸ்ஸில். இறங்கியதிலிருந்து நடை, நடை, நடைதான். ரிக்‌ஷாக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோனார்கள். "வண்டியில போனா ஊரு எங்க தெரியும்?" என்பார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சத்திரத்தில் தங்கினோம். அறைப் பூட்டின்மேல் நம்பிக்கை இல்லாததால், காலையில் கிளம்பும்போது எங்கள் துணிமணி எல்லாம் அந்தக் காக்கிப் பைக்குள் போய், அது அவர் முதுகில் ஏறிவிடும்.

முதல் நாள் கடலைப் பார்த்துவிட்டு, கோயிலில் கும்பிட்டோம். இரண்டாம் நாள் மீன்பிடிக் குப்பத்திலிருந்து மார்க்கெட் வரைக்கும் அலைந்தோம். மூன்றாம் நாள் காலையில் என் புதுச் செருப்பு வேலையைக் காட்டிவிட்டது. இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"கொஞ்சம் உட்காரலாங்க" என்றேன்.

"இந்தத் தெருவு போயிட்டு உட்காரலாம்."

"நீங்க சொல்ற தெருவு முடியவே முடியாதுங்க. நான் எங்க ஊருக்குப் பஸ் ஏறிப் போறேன். நீங்க நடந்துகினே இருங்க."

கோபத்தில் சொன்னதுதான். அம்மா அவசரத்துக்கு என்று என் முந்தானையில் முடிந்துவிட்ட பணம் இருந்தது, அது அவருக்கும் தெரியும். அவர் முன்னே நடந்தார். அந்தக் காலத்தில் புருஷன் முன்னால், பெண்டாட்டி பின்னால். அதுவும் புதுப்பெண் நிமிர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால் அடக்கமில்லாதவள் என்று பெயர். நான் தலையைக் குனிந்துகொண்டு, அந்தக் காக்கிப் பை போகிற வழியே போனேன். பை திரும்பினால் நானும் திரும்புவேன். பை வாய்க்காலைத் தாண்டினால் நானும் தாண்டுவேன்.

பை அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகப் போனது. "ஏங்க, நில்லுங்க" என்றேன். நிற்கவில்லை. "ஏங்க, கால் எரியுதுங்க!" அதற்கும் நிற்கவில்லை. கோபத்தில் காது கேட்காததுபோல் போகிறார் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பையைப் பிடித்து இழுத்தேன். திரும்பிய முகத்தில் செம்பட்டைத் தாடி! அதே மாதிரி காக்கிப் பை மாட்டிய யாரோ ஒரு வெள்ளைக்காரர். பாவம், என்னைவிட அவர்தான் அதிகம் பயந்துபோனார். இரண்டு கையையும் கூப்பி "வணக்கம்" என்றார். நான் பதில் வணக்கம்கூடச் சொல்லாமல் வந்த வழியே ஓடினேன்.

வந்த வழி எது? அதுதானே தெரியவில்லை. எங்கள் ஊர்த் தெருவென்றால் ஒன்று கோணும், ஒன்று குறுகும், ஒரு வேப்பமரம் இருக்கும், ஒரு எருமை கட்டியிருக்கும். இங்கே எல்லாத் தெருவும் ஒரே நேர்க்கோடு. எந்த முனையில் நின்று பார்த்தாலும் மஞ்சள் சுவர், ஒரே மாதிரி ஜன்னல், கடைசியில் கடல். பையையே பார்த்து வந்ததில் ஒரு அடையாளமும் மனதில் இல்லை. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவரிடம் அழுதேன். "வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார். கட்டினவர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அவர் ஏற இறங்கப் பார்த்ததில் கூச்சமாகி அங்கிருந்தும் நகர்ந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தால் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எங்கள் பக்கம் ஒரு ஆடு காணாமல் போனால் நாங்கள் நின்றுகொண்டா இருப்போம்? ஆளுக்கொரு திக்காக ஓடுவோம். அதேபோல நானும் ஓடினேன். கடற்கரைக்குப் போய்ப் பார்த்தேன், மார்க்கெட்டில் பார்த்தேன், முதல் நாள் கும்பிட்ட கோயில் வாசலில் பார்த்தேன். எங்கேயும் அவர் இல்லை. விசாரித்து விசாரித்துச் சத்திரத்துக்கே போய்ச் சேர்ந்தேன். அறை காலியாகக் கிடந்தது. துணி ஒன்றுகூட இல்லாத அறையைப் பார்த்தபோதுதான் எதிர்வீட்டு அக்கா சொன்னது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. வாட்ச்மேனைக் கேட்டேன்.

"வரலியேம்மா. இப்பிடிக் கூட்டியாந்து வுட்டுட்டுப் போற ஆளுங்கள நானும் பாத்துகினுதான் இருக்கேன்" என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் அப்பிடியில்ல" என்று ஒட்டுப்போட்டார். அந்த ஒட்டு நிற்கவில்லை.

விட்டுவிட்டுப் போய்விட்டாரா, அல்லது என்னைத் தேடிக்கொண்டிருக்கிறாரா? தேடுகிறவர் சத்திரத்துக்கு வரமாட்டாரா? மணிக்கணக்காக அங்கே உட்கார்ந்து, இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். ஊருக்குத் தனியாகப் போனால் அப்பா என்ன சொல்வார் என்று ஒரு பக்கம். போகாவிட்டால் இந்த ஊரில் பொழுது சாய்ந்தபின் நான் யார் என்று இன்னொரு பக்கம். வெயில் இறங்கத் தொடங்கியதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். வந்தவாசி பஸ் நின்றது. ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தும்விட்டேன்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு மீன்காரம்மா காலிக் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, பக்கத்தில் பூ விற்ற பெண்ணிடம் கதை பேசிக்கொண்டிருந்தார். "காலையில மீன் கொண்டுகினு போறேன், தெரு முக்குல ஒரு ஆளு முதுகுல மூட்டையோட நிக்கிறான். வித்துட்டு வரேன், அப்பவும் நிக்கிறான். நெழலுக்கு வாய்யான்னா வரமாட்டேன்றான். தண்ணி குடுத்தா, நின்ன எடத்துலயே வாங்கிக் குடிக்கிறான். இன்னா பேஜாருன்னு கேட்டா, பொண்டாட்டி இங்கதான் காணாமப் போச்சாம். கிறுக்கு!"

எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளு எங்கம்மா? எங்க?" என்று கத்தினேன்.

அவர் என் கழுத்துத் தாலியில் புதுச்சரடைப் பார்த்தார். கூடையைப் பூக்காரப் பெண்ணிடம் தள்ளிவிட்டு எழுந்தார். அதே நேரம் அவருடைய ஊர் பஸ் வந்து நின்றது. "அது போவட்டும், அடுத்த பஸ்ஸு வரும். நீ ஜல்தி வா கண்ணு" என்று முன்னால் நடந்தார். மீன் நாற்றமடிக்கும் அந்தப் புடவையை விடாமல் பிடித்துக்கொண்டு போனேன்.

என் வீட்டுக்காரர் நின்றுகொண்டுதான் இருந்தார். முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்து, எல்லாத் தெரு முனையையும் போலவே இருந்த ஒரு தெரு முனையில். என்னைப் பார்த்ததும்தான் பையை இறக்கிக் கீழே வைத்தார். மீன்காரம்மா அவரைத் திட்டிய திட்டை எல்லாம் எழுத முடியாது. திட்டிவிட்டு, என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

எனக்கு வந்ததோ கோபம். "நான் ஊரெல்லாம் தேடிகினு இருக்கேன், நீங்க இங்கயே நின்னுகினு இருந்தா எப்பிடிங்க? சத்திரத்துக்கு வரத் தெரியாதா?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "பாவுல இழை அறுந்தா, அறுந்த எடத்தப் புடிச்சிகினு ஒருத்தர் நிக்கணும். எதிர்ல இருக்கிறவங்கதான் முனையத் தேடிகினு வரணும். ரெண்டு பேரும் தேடினா எங்க கெடைக்கும்?"

இதென்ன நியாயம்! தெருவில் பாவு விரித்து இழை ஓட்டுகிறவர்களுக்கு அது சரி. ஆடு மேய்த்தவளுக்கு அது எப்படித் தெரியும்? வாதாட வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது.

"நீ ஊருக்குப் போயிட்டேன்னுதான் நெனைச்சேன்" என்றார் மெதுவாக.

"அப்புறம் எதுக்கு நின்னீங்க?"

பையின் வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார். எனக்கு மறைக்கத் தோன்றவில்லை. "நான் நெசமாவே வந்தவாசி பஸ்ஸுல ஏறிட்டேங்க" என்று சொல்லிவிட்டேன். கல்யாணமாகி இரண்டு மாதம். என்ன சொல்வாரோ, இதையே காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்தேன்.

"எறங்கிட்ட இல்ல?" என்றார். அவ்வளவுதான். ஒரு ரிக்‌ஷாவைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

நாற்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் பண்ணியாகிவிட்டது. அன்றைக்கு அவரை நிற்க வைத்தது என்மேல் இருந்த பிரியமா, வெறும் தறிப் பழக்கமா, இல்லை சும்மா பிடிவாதமா என்று எனக்கு இன்னும் குழப்பம் தீரவில்லை. கேட்டால் அவரும் குழம்புகிறார். ஆனால் எங்கள் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாலும், திரும்பி வந்தவர்களிடம் எங்கே போனாய், ஏன் போனாய் என்று கேட்காமல் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட எனக்குக் கற்றுக்கொடுத்தது "எறங்கிட்ட இல்ல?" என்ற அந்த ஒரு வார்த்தைதான்.