சக்கரம் வைத்த வீட்டுக்கு டிஷ்

டிஷ் பூட்டும் தொழிலே இரண்டு வார்த்தைதான்: மேலே இருப்பவர் "வருதா?" என்று கத்துவார், கீழே இருப்பவர் "வரலை!" என்று கத்துவார். எங்கள் கடையில் மேலே இருப்பது நான். என் வீட்டுக்காரர் பாலுவுக்கு ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே தலை சுற்றும். அதனால் கல்யாணமான இரண்டாம் வருடமே ஸ்பேனர் என் கைக்கும் ரிமோட் அவர் கைக்கும் வந்துவிட்டது. காரைக்காலில் நான் ஏறாத மொட்டை மாடி குறைவு. ஏணியும் ஒயருமாக வெயிலில் வேகும் என் இனத்தவர்களே, நிற்கிற வீட்டுக்கு நீங்களும் டிஷ் பூட்டியிருப்பீர்கள். ஓடுகிற வீட்டுக்குப் பூட்டியதுண்டா? நான் பூட்டினேன். அந்தப் படபடப்பு இன்னும் இறங்கவில்லை!

எந்தத் தெரு?

போனில் ஒரு கனத்த குரல். "தங்கச்சி, வீட்டுக்கு டிஷ் வைக்கணும்." எந்தத் தெரு என்று கேட்டேன். "இன்னிக்கு நம்ம காரைக்கால் தருமபுரம். அடுத்த மாசம் ஏற்காடு. அதுக்கப்புறம் அல்லாஹ் விட்ட வழி" என்றார். யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து போனை வைக்கப் போனேன். பாலுதான் போய்ப் பார்ப்போமே என்றார்.

போனால், வாசலில் ஒரு பழைய வேன். அதற்குள் மடக்குக் கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை! போனில் பேசிய செய்யது பாய் சவூதியில் இருபத்திரண்டு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். ஊர் திரும்பி, தன் கையாலேயே இதைக் கட்டியிருக்கிறார். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எனக்கே அதில் ஏறி எங்காவது போய்விடலாம் போலிருந்தது. "பாய், இது வண்டியாச்சே, வீடுன்னீங்களே?" என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"கூரை இருக்கு, கதவு இருக்கு, அடுப்பு இருக்கு. டயர் இருக்கறதால வீடு இல்லைன்னு ஆயிடுமா தங்கச்சி?"

மூன்று வகை

வேனுக்கு டிஷ் என்றால் மூன்று வழி உண்டு. முதலாவது, கூரையில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு மூடி. வண்டியை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் டிஷ் தானே சுழன்று சாட்டிலைட்டைத் தேடிக்கொள்ளும். இரண்டாவது, அதிலேயே உசத்தியானது; வண்டி ஓடும்போதும் சிக்னலை விடாமல் பிடிக்கும். மூன்றாவது, நம் வீடுகளில் இருக்கும் அதே இரண்டடி டிஷ். முக்காலி ஒன்றில் மாட்டி, இறங்கிய இடத்தில் கையால் திருப்பி வைக்க வேண்டியது.

இவ்வளவு யோசனை எதற்கென்றால், பாயின் மகள் ஆயிஷா புதுச்சேரி பெண்கள் வாலிபால் அணியில் ஆடுகிறாள். அடுத்த மாதம் அசாமில் போட்டி. இலவச டிஷ்ஷில் வரும் அரசாங்க சேனலில் நேரடியாகக் காட்டுகிறார்கள். பெற்றவர்கள் நேரில் போகக்கூடாது என்பது மகளின் உத்தரவு. எதிரே வந்து உட்கார்ந்தால் கை நடுங்குமாம். பாய் ஏற்காடு பயணத்துக்கு நாள் குறித்துவிட்டார். மலையில் போனுக்கு டவர் கிடைக்குமோ கிடைக்காதோ! ஆட்டத்தைப் பார்க்க வழி செய்தால்தான் வேனில் ஏறுவேன் என்று அவர் மனைவி மும்தாஜ் அக்கா உட்கார்ந்துவிட்டார்.

பாய்க்கு ஓடும்போதும் படம் காட்டும் வகைதான் வேண்டும். கண்கள் மின்ன அதன் விளக்கத்தாளையே படித்துக்கொண்டிருந்தார். மும்தாஜ் அக்கா தேநீர் கிளாஸை வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"வண்டி ஓடறப்ப டி.வி.யை யாருங்க பாக்கப் போறது, நீங்களா?"

துபாய் சட்டி

அத்தோடு அந்த ஆசை போயிற்று. ஆனால் தானே தேடும் சட்டியின் மேல் பாய்க்கு ஒரு கண். துபாயில் இருக்கும் தம்பியிடம் சொல்லி ஒன்றை வரவழைத்துவிட்டார். நானும் குதித்துக்கொண்டுதான் போனேன்; அப்படி ஒன்றை அதுவரை தொட்டதில்லை! கூரையில் பூட்டி, ஒயர் இழுத்து, சுவிட்சைப் போட்டதும் உள்ளே 'விர்ர்' என்று சத்தம். சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. அரை மணி நேரம். கீழேயிருந்து பாலு சொல்லிக்கொண்டே இருந்தார், "வரலை!"

அதனுடன் வந்த தாளை எழுத்தெண்ணிப் படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அதிலிருக்கும் டிஷ்ஷால் ஓர் அளவுக்கு மேல் அண்ணாந்து பார்க்க முடியாது. வடக்கே இருக்கும் நாடுகளுக்கு அது போதும். அங்கெல்லாம் சாட்டிலைட் வானத்தில் தாழ்வாக இருக்கும். நமக்கோ தென்கிழக்கில், உச்சந்தலைக்குச் சற்றுத் தள்ளி நிற்கிறது. கழுத்து வலிக்காரனைக் கோபுரக் கலசத்தைப் பார்க்கச் சொன்ன கதைதான். பாய் விடுவாரா? வேனைத் தென்கிழக்கு பார்க்கத் திருப்பி, முன்சக்கரங்களுக்கு அடியில் ஓரடி உயரத்துக்குப் பலகைகளை அடுக்கி, அதன்மேல் ஏற்றி நிறுத்தினார். முன்பக்கம் தூக்கியதும் "வருது, வருது!" என்று பாலு கூவினார். அதே நேரம் உள்ளே தேநீர்ப் பாத்திரம் சரிந்து, கட்டில் வரைக்கும் ஓடியது. ஆளுக்கொரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது பாலு மெதுவாகச் சொன்னார்.

"பாய், நீங்க போற ஊருக்கெல்லாம் இந்த மேட்டையும் கூடவே ஏத்திக்கிட்டுப் போகணும்."

திசை

கடைசியில் முக்காலி டிஷ்தான். என் கட்சி ஆரம்பத்திலிருந்தே அது. வேனை மர நிழலில் விட்டுவிட்டு, டிஷ்ஷை மட்டும் தள்ளி வெட்டவெளியில் வைக்கலாம் பாருங்கள். ஆனால் ஒவ்வோர் ஊரிலும் யாராவது கையால் திருப்ப வேண்டுமே. பாய்க்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் போனில் திசைகாட்டியைத் திறந்து வேன் பானெட்டின் மேல் வைத்தார். இரும்புக்குப் பக்கத்தில் அது தன் இஷ்டத்துக்குச் சுற்றியது. முக்கால் மணி நேரம் வானத்தைத் துழாவினார்.

"தள்ளுங்க" என்று வந்தார் மும்தாஜ் அக்கா. சாட்டிலைட் எந்தத் திசை என்று கேட்டார்; கிழக்கும் தெற்கும் கலக்கும் இடம் என்றேன். தொழுகைக்கு நிற்பதுபோல் மேற்கே பார்த்து ஒரு கணம் நின்றார். அப்படியே முதுகுப் பக்கம் கையை நீட்டி, கொஞ்சம் தெற்கே தள்ளி டிஷ்ஷைத் திருப்பினார். சாய்வை இரண்டு விரல் உயர்த்தினார். என் கையிலிருந்த சிக்னல் மீட்டர் 'கீச்'சென்று கத்தியது! நான்கு நிமிடம் ஆகவில்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடத்தில் இந்த வழி எனக்குத் தோன்றவே இல்லையே! எப்படி அக்கா என்றேன்.

"அஞ்சு வேளையும் திசை பாத்து நிக்கிறவளுக்கு உங்க காந்தமுள்ளு எதுக்கும்மா?"

கடைசி சர்வீஸ்

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு புயல். கரை கடந்தது வேறெங்கோ, வாலடித்தது எங்களை. கம்பங்கள் சாய்ந்து கரண்ட் போயிற்று, கேபிள் போயிற்று, போன் டவரும் போயிற்று. ஏற்காடு தள்ளிப் போனது. ஆனால் ஆயிஷாவின் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்ட சேதி டவர் போவதற்கு முன்பே வந்திருந்தது! ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஆட்டம். எங்கள் கடை இருக்கும் கோவில்பத்திலிருந்து நானும் பாலுவும் விழுந்த கிளைகளுக்கு இடையே பைக்கைத் தள்ளிக்கொண்டு போனோம்.

அந்தத் தெருவிலேயே உயிரோடு இருந்த டி.வி. வேனுக்குள் இருந்தது ஒன்றுதான். அதற்குத் தனி பாட்டரி. பாய் வேனின் பின்கதவைத் திறந்து டி.வி.யை வெளியே பார்க்கத் திருப்பினார். தெருவே குடையோடு கூடிவிட்டது. பக்கத்துக் காலி மனையில் டிஷ்ஷை வைத்து, மும்தாஜ் அக்கா திருப்ப, நான் முக்காலியின் காலுக்கு மணல் மூட்டை கொடுத்தேன். படம் வந்தது! நீலச் சட்டையில் ஆயிஷா.

ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவது செட்டில் பதினான்கு-பதிமூன்று, நம் பக்கம். ஆயிஷா சர்வீஸ். பந்தை மேலே எறிந்தாள். கருமேகம் ஒன்று வந்து தலைக்குமேல் நின்றது. கொட்டியது மழை. படம் கட்டம் கட்டமாக உடைந்து, பந்து அந்தரத்திலேயே நின்றுவிட்டது. "கலா, ஏதாவது பண்ணு!" என்று பாலு அலறினார். மழைக்கு நான் என்ன பண்ணுவேன்? டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கில் வழியும் தண்ணீரை முந்தானையால் துடைத்துத் துடைத்து நின்றேன். மழை சற்று வெளுத்தபோது டி.வி.யில் நீலச் சட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. ஜெயித்துவிட்டார்கள்! குடைகள் பறந்தன. பாய் சேற்றில் உட்கார்ந்து குழந்தை போல் அழுதார்.

மதியம் டவர் வந்ததும் முதல் போன் அவளிடமிருந்துதான். பாய் ஸ்பீக்கரில் போட்டார். "வாப்பா, என் கடைசி சர்வீஸைப் பாத்தீங்களா?" பாய் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாத்தோம்மா, நல்லாப் பாத்தோம்" என்றார். மும்தாஜ் அக்கா போனைப் பிடுங்கினார்.

"பொய் சொல்றாரு, மழை மறைச்சிடுச்சு, நீ வந்து எனக்கு ஒரு தடவை போட்டுக் காட்டு."

படம் வராதவரை எல்லோரும் எங்களையே பார்ப்பதும், வந்துவிட்டால் ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்காததும்தான் இந்தத் தொழிலில் நாங்கள் கண்ட பெருமை.