கொழும்புக்காரரிடம் ஹுஸ்னியா கேட்ட மூன்று கேள்விகள்

ஹுஸ்னியாவின் உயரம் ஐந்து அடி பத்து அங்குலம். குறிஞ்சாக்கேணியிலிருந்து திருகோணமலை நகரத்துக்கு வரும் காலை பஸ்ஸில் கூரைக் கம்பியைக் குனிந்து பிடிக்கும் ஒரே பெண் அவள்தான். தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடப் பொறியியல் டிப்ளோமாவுக்குச் சேர்ந்த முதல் நாளே கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் நிக்கலஸ் அவளை வாசலில் மறித்துவிட்டார்.

"தங்கச்சி, நீங்கள் பந்தைத் தொட்டதே இல்லையெண்டாலும் பரவாயில்லை. பின்னேரம் நாலரைக்குக் கோர்ட்டுக்கு வாங்கோ."

அவள் போனாள். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும், கழுத்துவரை இறுக்கிச் செருகிய தலைத்துணியுமாக விளையாடினாள். முதல் மாதம் பந்து அவள் கையில் நிற்கவேயில்லை. கடற்காற்று அடிக்கும் திசை பார்த்து எறிய வேண்டும், சில நாட்களில் கோர்ட்டின் நடுவில் படுத்திருக்கும், நகரத்தில் திரிகிற மான்களை எழுப்பி விரட்ட வேண்டும் என்பதையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் லதுஷா.

லதுஷா குள்ளம், காற்றுப் போல ஓடுவாள். வணிக முகாமைத்துவம் படித்தாள். அப்பா இல்லை. அம்மா கிறேஸ் தையல் மெஷினை வைத்துக்கொண்டு அவளையும் தம்பியையும் படிப்பித்தார். லதுஷா பந்தைக் கொண்டு வருவாள், ஹுஸ்னியா கூடைக்குக் கீழே நின்று அதைப் போடுவாள். இரண்டு வருடத்துக்குள் அந்தக் கல்லூரியின் பெண்கள் அணி மட்டக்களப்பில் நடந்த மாகாணப் போட்டியில் கிண்ணத்தையே எடுத்துவிட்டது.

அந்த இறுதிப் போட்டி முடிந்த கையோடு சுலோஜனா என்ற ஒரு பெண் இருவரையும் தேடி வந்தார். கொழும்பில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுப் பொறுப்பாளர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: கட்டணம் இல்லாத படிப்பு, ஹொஸ்டல், மாதம் நாற்பத்தையாயிரம் ரூபா. ஜனவரியில் வந்து சேர வேண்டும். பதினைந்தாம் திகதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் மூதூர் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள் நிக்கலஸ் சிரிக்கவில்லை. சுங்கத் திணைக்களத்தில் வேலை முடித்து, பின்னேரம் கோர்ட்டுக்கு வந்து, சம்பளம் எதுவும் வாங்காமல் கட்டிய அணி அது. மொத்தம் எட்டுப் பேர். அதில் இரண்டு பேர் போனால் என்ன மிஞ்சும்?

"போறவை போகலாம். ஆனா போற ஆக்களுக்கு நான் இனி என்ர நேரத்தைச் செலவழிக்க ஏலாது," என்று சொல்லிவிட்டு, பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த இரண்டு நாளும் அவர் வரவில்லை.

வீட்டில் ஹுஸ்னியா எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது. மகளை வெளியூருக்கு அனுப்ப வாப்பா தயங்குவார் என்று அவள் நினைத்திருந்தாள். நெல் ஆலையில் வேலை செய்யும் அபூதாஹிரோ சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு, "இதில யோசிக்க என்ன இருக்கு? போங்க மகள். உங்கட திறமைக்கு வந்தது," என்றார்.

உம்மா சுபைதாதான் கேட்டார். "அங்க போனா என்ன படிப்பு?"

"தெரியா உம்மா. கேட்கேல்ல."

"ரெண்டு வருஷம் படிச்சதுக்கு என்ன நடக்கும்?"

அதையும் அவள் கேட்டிருக்கவில்லை. கைதட்டலுக்கு நடுவே ஒருவர் வந்து நீ எங்களுக்கு வேண்டும் என்று சொன்னால், யாருக்குத்தான் கேள்வி வரும்?

அன்று பின்னேரம் கொப்பியில் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டு சுலோஜனாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். இந்த உடுப்போடும் தலைத்துணியோடும் விளையாட விடுவீர்களா? முழங்கால் முறிந்தால் காசுக்கும் ஹொஸ்டலுக்கும் என்ன நடக்கும்? என்னுடைய இரண்டு வருடப் படிப்பைக் கணக்கில் எடுப்பீர்களா?

சுலோஜனா நேர்மையான பெண். முதல் கேள்விக்கு உடனே "ஓம், அதில ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார். இரண்டாவதற்கு, அந்தத் தவணை முடியும்வரைதான் கொடுக்க முடியும் என்றார். மூன்றாவதற்குப் பாடநெறிப் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"எங்களிட்ட பொறியியல் இல்லை, தங்கச்சி. முகாமைத்துவம்தான். நீங்கள் முதலாம் வருஷத்தில இருந்து தொடங்க வேணும்." பிறகு சொன்னார், "இவ்வளவு பிள்ளைகளோட கதைச்சிருக்கிறன். இதை ஒருத்தரும் கேட்டதில்லை."

லதுஷாவின் கதை வேறு. அவள் படித்ததும் முகாமைத்துவம். ஒரு வருடத்துப் பாடங்களை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். அம்மாவின் கண் பார்வை மங்கி வந்தது. அந்தக் காசு வந்தால் அவர் தையலைக் குறைக்கலாம். அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் தனியாகப் போக அவளுக்குப் பயம்.

கோர்ட்டுச் சுவரில் உட்கார்ந்து ஹுஸ்னியா, தான் போவதில்லை என்ற முடிவைச் சொன்னபோது லதுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப நான் காசுக்கு விலை போறன், நீ பெரிய ஆள். அப்படித்தானே?"

"நான் அப்பிடிச் சொல்லேல்ல."

"சொல்லத் தேவையில்லையே. எல்லாரும் அப்பிடித்தான் கதைப்பினம்."

"எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு, லதுஷா. அத விட்டுட்டுப் போனா முதல்ல இருந்து. உனக்கு அப்பிடி இல்ல. நீ போகாட்டித்தான் பிழை."

லதுஷா எழுந்து போனாள். ஒன்பது நாள் இருவரும் பேசவில்லை. தான் எடுத்த முடிவு சரிதானா என்று ஹுஸ்னியா ஒவ்வொரு காலையும் மாறி மாறி நினைத்தாள். பதினைந்தாம் திகதி காலையில் சுலோஜனாவுக்கு எடுத்து, வரவில்லை என்று சொன்னாள். சொல்லி முடித்ததும் நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது.

லதுஷா கொழும்பு பஸ் ஏறிய நாளில் கிறேஸ் அன்ரியே ஹுஸ்னியாவை அழைத்திருந்தார். பஸ் நிலையத்தில் நிக்கலஸும் நின்றார். கையில் புதுப் பந்து ஒன்று.

"நான் அண்டைக்குக் கதைச்சது பிழை, பிள்ளை," என்று லதுஷாவிடம் அதை நீட்டினார். "நல்லா விளையாடுங்கோ. எங்களுக்கு எதிரா எண்டாலும்."

லதுஷா பந்தை ஹுஸ்னியாவிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, அவளை இறுகக் கட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. தேவையும் படவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் லேசாக இருக்கவில்லை. அணி தொடர்ந்து நான்கு போட்டிகளில் தோற்றது. லதுஷா அனுப்பும் படங்களில் மரத்தளம் பளபளக்கும் உள்ளரங்கைப் பார்க்கும்போது ஹுஸ்னியாவுக்கு வயிறு எரிந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "எனக்குப் பொறாமையா இருக்குடி" என்றே எழுதினாள். பந்தைக் கொண்டுவர ஆள் இல்லாததால், கூடைக்குக் கீழே நின்றவளே அதைக் கொண்டுவரப் பழக வேண்டியிருந்தது. உயரமான பெண் குனிந்து பந்தைத் தட்டி ஓடுவது முதலில் எல்லோருக்கும் சிரிப்பாக இருந்தது. யூலை மாதமளவில் யாரும் சிரிக்கவில்லை. கப்பல்துறையிலிருந்து வந்து சேர்ந்த ஷிஃபானா என்ற புதியவளுக்குக் கூடையடியை விட்டுக்கொடுத்துவிட்டு, ஹுஸ்னியா வெளியிலிருந்தே ஆட்டத்தை நடத்தினாள்.

ஒக்டோபரில் அகில இலங்கைப் போட்டிக்குக் கொழும்பு போனார்கள். இரண்டாம் சுற்றில் எதிரே வந்தது லதுஷாவின் பல்கலைக்கழகம். ஆறு புள்ளியால் தோற்றார்கள். ஆனால் கடைசி நிமிடம்வரை யார் வெல்வது என்று தெரியவில்லை. ஹுஸ்னியா மட்டும் இருபத்திரண்டு புள்ளி எடுத்தாள். மணி அடித்ததும் லதுஷா தன் அணியை விட்டுவிட்டு நேரே ஓடி வந்தாள்.

"எப்பயடி உப்பிடிப் பந்து தட்டப் பழகினனீ?"

"நீ போனாப்பிறகுதான். வேற வழி?"

சுலோஜனாவும் வந்தார். இந்த முறை பல்கலைக்கழகத்தைப் பற்றி எதுவும் கதைக்கவில்லை. கட்டட நிறுவனம் ஒன்று வணிக நிறுவனங்களுக்கான போட்டிக்குப் பெண்கள் அணி தொடங்குவதாகவும், ஆனால் விளையாட்டுக்காக மட்டும் ஆள் எடுக்க மாட்டார்கள், டிப்ளோமா முடித்த தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள்தான் தேவை என்றும் சொன்னார். "எனக்கு உங்கட பேர்தான் ஞாபகம் வந்தது."

ஹுஸ்னியா மீண்டும் கொப்பியை எடுத்தாள். இந்த முறை கேள்விகள் ஐந்து.

டிப்ளோமாப் பெறுபேறு ஜனவரியில் வந்தது, நல்ல புள்ளிகளோடு சித்தியடைந்திருந்தாள். நேர்முகத்தில் அரை மணி நேரம் கொங்கிறீற்றைப் பற்றித்தான் கேட்டார்கள். பாஸ்கட்போலைப் பற்றிக் கடைசியில் ஒரேயொரு கேள்வி. திருகோணமலையிலேயே நடக்கும் ஒரு வேலைத்தளத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். மஞ்சள் தொப்பியைத் தலைத்துணிக்கு மேல் போட்டுக்கொண்டு நின்ற முதல் நாள் படத்தை அபூதாஹிர் நெல் ஆலையில் எல்லோருக்கும் காட்டி முடித்துவிட்டார். நிறுவன அணியில் இடம் இன்னும் உறுதியில்லை. தெரிவு வருகிற சனிக்கிழமை, கொழும்பில்.

நேற்று லதுஷா எடுத்தாள்.

"வெள்ளிக்கிழமையே வந்திடு. என்ர ஹொஸ்டலில தங்கலாம், கேட்டு வைச்சிட்டன். காலமை ரெண்டு பேரும் கொஞ்சம் எறிஞ்சு பழகிட்டுப் போவம்."

"தெரிவாகாட்டி?"

"ஆகாட்டி கடற்கரைக்குப் போய் ஐஸ்கிறீம் குடிப்பம். ஆனாலும் குடிப்பம்."

"சரி," என்றாள் ஹுஸ்னியா. "உம்மா உனக்கு மாசிச் சம்பல் தந்து விடுறாவாம். பெரிய போத்தலா, சின்னப் போத்தலா எண்டு கேக்கச் சொன்னவ."