முதலில் ஏறியவர்கள்

போன வாரம் செல்லூர்ப் பட்டறையில் பைக்குக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு பழைய வேனின் கண்ணாடியைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தார்கள். பொலபொலவென்று கொட்டிய சத்தத்தில் என் கை தானாகப் போய்ப் புருவத்துத் தழும்பை மூடிக்கொண்டது. இந்த வயதிலும் இப்படி. சிரிக்காதீர்கள்.

அந்தத் தழும்பு விழுந்த காலத்தில் எழுமலைப் பக்கம் எனக்கு வேலை. தூரத்துப் பிள்ளைகளை அரசாங்கச் செலவில் வேனில் பள்ளிக்கூடம் கொண்டுவர வேண்டும். எந்த வழி, யார் முதலில் என்று எழுதிக் கொடுப்பவன் நான். மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து மேப்பில் கோடு போட்டேன். கடைசியில் இருந்த காலனி முதல் நிறுத்தம், அப்புறம் ஊர். மேலதிகாரி தட்டிக்கொடுத்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் ஏறுகிற பிள்ளை உட்காரும், பிறகு ஏறுகிறது நிற்கும். அந்தக் கூறுகூட எனக்கு இல்லை. மூன்றாம் நாள் காலை, நானும் வேனில் இருந்தபோது, ஊருக்குள் மறித்துவிட்டார்கள்.

"எவன்டா ரூட்டு போட்டவன்? அதுக உக்காந்து வரும், எங்க பிள்ளைக நின்னு வரணுமா?"

"கிலோமீட்டர் கணக்குண்ணே..." என்றேன். நாக்கில் சனி.

முதல் கல் கண்ணாடியைப் பிளந்து என் புருவத்தைக் கிழித்தது. டிரைவர் முத்துவைத் தரையில் இழுத்துப்போட்டு உருட்டுக்கட்டையால் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காலனியிலிருந்து பத்தாவது படிக்க வந்த பாண்டியம்மா, சின்னப் பிள்ளைகளைச் சீட்டுக்கடியில் தள்ளி மேலே கவிழ்ந்துகொண்டாள். அவள் முதுகெல்லாம் கண்ணாடி, ரத்தம். நான் ஃபைலைத் தலைக்கு வைத்துக் குனிந்து கிடந்தேன். வெட்கக்கேடு.

ஆஸ்பத்திரியில் குப்புறப் படுத்தபடி அவள் கெஞ்சினாள்: "நாங்க நின்னுக்கிட்டே வாரோம் சார். பரீட்சை வரைக்கும் வேனை மட்டும் நிப்பாட்டிராதீக."

நிறுத்தினார்கள். சட்டம் ஒழுங்கு கெடும் என்று ஒரு கடிதம். அதை எழுதியதும் இந்தக் கைதான். அவள் பரீட்சை எழுதவில்லை.

இன்று அந்த வேன் இல்லை. கல்லெடுத்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மினிபஸ் வந்துவிட்டது. போன வருஷம் அதில் போனபோது, காலனி நிறுத்தத்தில் பாண்டியம்மா தன் மகளை ஏற்றிவிட்டாள். "நல்லாருக்கீகளா சார்?" என்று சிரித்தாள். எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

பஸ்ஸில் பாதி சீட்டு காலி. பக்கத்து இடத்தைத் தட்டி, "உக்காரு பாப்பா" என்றேன். பாப்பா ஜன்னல் வழியே அம்மாவைப் பார்த்தாள்.

"ஊர் தாண்டுற வரைக்கும் நின்னுக்க தாயி" என்றாள் பாண்டியம்மா.