சித்தி சாயம் பூசிய கட்டில்

என் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய நூல்புடவைத் துண்டில் சுற்றிய ஒரு மரக்கட்டை இருக்கிறது. ஒரு முழம்கூட இராது. இரண்டு நாளைக்கு முன்பு அதை வெளியே எடுத்தேன். மருமகள் கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு, பேத்திக்காகப் பழைய மர நாற்காலி ஒன்றைத் தேய்த்து மஞ்சள் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் பெயிண்ட் டப்பாவை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை ஒரு வரி விடாமல் படித்தேன். "என்ன அத்தே, பரீட்சைக்கா படிக்கிறீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்துவிட்டு உள்ளே வந்து பெட்டியைத் திறந்தேன். கட்டையின் மேல் ஆரஞ்சு கலந்த சிவப்புச் சாயம், பூச்சின் மேல் பூச்சாக, இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஒரு ஓரத்தில் மட்டும் வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். பால் பல் கடித்த தடம். அந்தப் பல் என் சித்தி மகனுடையது. அவனை நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சித்தி என் அம்மாவுக்குத் தங்கை. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பின்னால், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு ஓட்டு வீடுகளில் நாங்களும் அவர்களும் குடியிருந்தோம். சித்தப்பாவுக்கு ரயில்வேயில், பாலங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற கேங்கில் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பார். சித்தி ஒரு பீங்கான் கம்பெனிக்குப் போய்வந்தாள். வெறும் மண் நிறத்தில் வரும் கோப்பைகளையும் ஜாடிகளையும் கிளேஸ் என்கிற குழம்பில் முக்கி எடுத்துப் பலகையில் அடுக்க வேண்டும். அதன் பிறகு சூளைக்குப் போய் வந்தால்தான் அவற்றுக்குப் பளபளப்பு வரும். கல்யாணமாகி ஏழு வருஷம் அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை. இரண்டு முறை கரு கலைந்தது. அதற்குப் பிறகு, அறுபதுகளின் நடுவில், நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் தம்பி பிறந்தான்.

சித்திக்கு எதையும் அப்படியே விட்டுவைக்கத் தெரியாது. முறம், உறி, தண்ணீர்ப் பானை, எது கண்ணில் பட்டாலும் "மொட்டையா வுட்டா நல்லாவா இருக்குது?" என்பாள். மறுநாள் அதில் ஒரு கோடாவது ஒரு பூவாவது ஏறியிருக்கும். "வுட்டா இவ எரும வாலுக்கும் ரிப்பன் கட்டுவா" என்று அம்மா கேலி செய்வாள். தம்பி வந்ததும் அந்தக் கை முழுக்க அவன் பக்கம் திரும்பியது. கம்பெனியில் சாமான் அடுக்கி அனுப்பும் மரப்பெட்டிகளில் உடைந்தவற்றைக் கேட்டு வாங்கிவந்து, அவனுடைய துணிமணிக்கு அலமாரி செய்தாள். பெட்டிக்குள் திணித்திருந்த வைக்கோலை உதறிக் காயவைத்து, புடவைத் துணியில் அடைத்துத் தலையணை தைத்தாள். கழிசல் குவியலிலிருந்து காது போன பீங்கான் குதிரை ஒன்று வந்தது, அதற்கு மண்ணில் காது வைத்தாள். அவன் படுக்கும் இடத்துச் சுவரில் ஈரச் சுண்ணாம்பைப் பூசி, உடைந்த தட்டுத் துண்டுகளைப் பதித்து ஒரு மயில் செய்தாள். பதிப்பதற்கு முன் ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் அம்மிக்கல்லில் தேய்த்தாள், பிள்ளையின் கை கிழிந்துவிடக் கூடாதென்று. அவள் எதிலும் அசட்டையாக இருந்தவள் இல்லை. இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கட்டில் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தது. மாற்றலாகிப் போன ஒரு அதிகாரி வீட்டார் விட்டுச் சென்ற பிள்ளைக் கட்டில், நான்கு பக்கமும் தடுப்பு வைத்தது. ஒரு கால் இல்லை, தடுப்புக் குச்சிகளில் ஐந்து இல்லை. சித்தப்பா அதைப் பிரித்து சைக்கிள் கேரியரில் இரண்டு நடையாகக் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் பிள்ளைகள் தூளியில்தான் தூங்கின. அதனால் தெருவே வந்து அதைப் பார்த்தது. சித்தி பெட்டிப் பலகையில் கால் வைத்து, குச்சி செருகி, ஒவ்வொரு ஆணித் தலையையும் விரலால் தடவிப் பார்த்தாள். எல்லாம் முடிந்ததும் எட்ட நின்று பார்த்துவிட்டு, "மொட்டையா இருக்குது" என்றாள்.

கடையில் விற்கும் பெயிண்ட் எங்களுக்கு எட்டாத பொருள். ஆனால் அவள் வேலை செய்த கொட்டகையில் ஒரு சிவப்பு மாவு இருந்தது. கிளேஸில் கலப்பதற்காக மூட்டையில் வரும். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு, பெண்கள் செவப்பு மாவு என்றுதான் சொன்னார்கள். தரையில் சிந்தியதைக் கூட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று மேஸ்திரியைக் கேட்டாள். "பெருக்கிக் கொட்டுறதுதானேம்மா, எடுத்துக்க" என்றார். முந்தானை முடிச்சில் கொண்டுவந்ததைச் சித்தப்பா பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. "இதத்தான் நாங்க பாலத்துக்கே அடிக்கிறோம். இதுமேல தண்ணி நின்னாலும் ஒண்ணும் பண்ணாது. கட்டில் பேரப்புள்ளைங்க வரைக்கும் நிக்கும்" என்றார். அதைக் குழைக்கிற ஆளிவிதை எண்ணெய் அவரிடமே கொஞ்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேங்காய் மட்டையை நசுக்கிச் செய்த பிரஷ்ஷால் மூன்று பேரும் பூசினோம். மேல்சட்டத்தை எனக்கு விட்டுக்கொடுத்தாள் சித்தி. "மேல இருக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியும், நல்லா மொத்தமா பூசு பாப்பா" என்றாள். நான் நன்றாகவே பூசினேன். அந்த மாவு ஈயம். அது பிள்ளைகளின் இரத்தத்தையும் மூளையையும் கெடுக்கும் என்பது அன்றைக்கு அந்த வாசலில் இருந்த எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

சித்தி வேலைக்குப் போகும் நேரத்தில் தம்பி எங்கள் வீட்டில் இருந்தான், கட்டிலும் அங்கேயே. பகலில் அம்மா பார்த்துக்கொள்வாள், பள்ளி விட்டு வந்தால் என் பொறுப்பு. பல் முளைக்கிற பருவத்தில் அவன் ஓயாமல் அழுதான். ஒருநாள் எழுந்து நின்று மேல்சட்டத்தில் வாயை வைத்தான், அழுகை நின்றுவிட்டது. பிறகு அதுவே எனக்கு வழியானது. அவன் சிணுங்கினால் தூக்கிக்கொண்டுபோய் சட்டத்துக்கு நேராக நிறுத்திவிட்டு நொண்டி விளையாடப் போய்விடுவேன். அப்படி என்னதான் இருக்கிறதென்று நானும் ஒருநாள் நாக்கை வைத்துப் பார்த்தேன். லேசாக இனித்தது.

இரண்டு வயது நெருங்கும்போது அவனுக்கு ஏறக்குறைய இருபது சொற்கள் தெரியும். ரயில் ஊதினால் "பூ போச்சு" என்பான். அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். முகம் வெளுத்தது. டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார், இரும்புச் சத்து டானிக் கொடுத்தார். ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்ததை டானிக் கறை என்று துணியால் துடைத்துப் பார்த்தாள் அம்மா. அவனிடமிருந்த சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. ரயில் ஊதினால் தலையைத் திருப்புவான், அவ்வளவுதான். சித்திக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அவனைச் சிரிக்க வைப்பது. அதற்காகக் குதிரைக்குச் சிவப்பு பூசினாள். நடைவண்டிக்குச் சிவப்பு பூசினாள். அவன் கடித்துக் கடித்துச் சாயம் போன சட்டத்துக்கு ஒவ்வொரு பொங்கலுக்கும் புதுப் பூச்சு போட்டாள். ஒவ்வொரு பொங்கலுக்குப் பிறகும் அவன் இன்னும் மோசமானான். புதுசாகப் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து ஊர்க்கண் படுகிறது என்றாள். கட்டில் காலில் கறுப்புக் கயிறு கட்டினோம்.

வலிப்பு வர ஆரம்பித்ததும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்ட முடிவானது. எங்கள் பக்கத்தில் வேறு கதியில்லாதவர்கள் செய்வது அது. குறையைக் காகிதத்தில் மனுவாக எழுதி முருகனுக்கு முன் வைத்து, சன்னதியில் கட்டிவிட வேண்டும். நியாயம் கிடைத்த பிறகு மறுபடி போய்ப் பிராதைத் திரும்பப் பெற வேண்டும். சித்திக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான் என் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதினேன். யார் மேல் பிராது என்று பூசாரி கேட்டார். சித்தி தம்பியின் தலையைத் தடவினாள். பிறகு சொன்னாள். "எம் புள்ளைக்கு இதச் செஞ்சவங்க யாரா இருந்தாலும் நீயே கண்டுபுடிச்சிக் கேளுப்பான்னு எழுது." நான் அதை எழுத்துத் தமிழாக்கி, பிழையில்லாமல், அழகாக எழுதினேன். தம்பி நான்கு வயது முடியும் முன்பே, ஒரு முற்பகலில், அந்தக் கட்டிலிலேயே இறந்தான். சித்தி அதன் பிறகு கம்பெனிக்குப் போகவில்லை. கட்டிலைத் துடைத்து, பழைய பாயால் சுற்றி, பரண்மேல் ஏற்றிவைத்தாள்.

எழுபதுகளில் நான் சென்னையில் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தேன். இரண்டாம் வருஷத்தில், பேட்டரி செய்யும் தொழிலாளி ஒருவரை வார்டில் சேர்த்திருந்தார்கள். வயிற்று வலி, மணிக்கட்டு துவண்டு தொங்கியது. எங்களுக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் அவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு ஓரத்தில் நீலக் கோடு. எங்கிருந்தெல்லாம் ஈயம் உடம்புக்குள் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பேட்டரி, அச்சு எழுத்து, சிவப்புப் பெயிண்ட், பீங்கான் கிளேஸ். கைக்குழந்தை என்றால் மூளைக்கு ஏறி வலிப்பு வரும் என்றார், பெண்களுக்குக் கரு தங்காது என்றார். நான் நோட்டை மூடிவிட்டு வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்துகொண்டேன். அன்றைக்கு எவ்வளவு அழுதேன் என்று சொல்ல முடியாது. சித்திக்கு மூன்று கடிதம் எழுதி மூன்றையும் கிழித்தேன். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கொட்டகை மேஸ்திரியைப் போய்ப் பார்த்து, பெண்கள் கையை நன்றாகக் கழுவிவிட்டுச் சாப்பிட வேண்டும், மாவை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "முப்பது வருஷமா நாங்கல்லாம் இதுலயேதான் கெடக்கிறோம் பாப்பா. எங்களுக்கு என்னா ஆயிடுச்சி?" என்றார்.

வேலைக்குப் போய், கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தேன். வந்த மூன்றாம் நாள் சித்தி என்னைக் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கூடத்தின் நடுவில் கட்டில் நின்றது. பளிச்சென்று சிவப்பு. பழைய மிச்சத்தை ஒரு பீங்கான் ஜாடியில் மூடி வைத்திருந்தாளாம், இத்தனை வருஷமாக. கை நடுக்கத்தோடு ஒரு வாரம் உட்கார்ந்து பூசியிருக்கிறாள். தலைமாட்டில் வெள்ளையில் ஒரு ரயிலும் வரைந்திருந்தாள். "உம் புள்ளைக்குத்தான். நீதான அவனத் தூக்கி வளத்த" என்றாள். பத்து வருஷத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிச்சியை நான் பார்த்ததில்லை.

ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். நர்ஸ் படித்தவள் நான், அந்த வாக்கியத்தைச் சொல்வதுதான் என் தொழில். ஆனால் அதைச் சொன்ன அடுத்த நிமிஷம் அவள் எப்படி உயிரோடு இருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. "செல்லு புடிச்சிருக்குது சித்தி, வேணாம்" என்றேன். குனிந்து எல்லாக் காலையும் தட்டிக் காட்டினாள், கெட்டியான சத்தம். "எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் புடிக்காது" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். தெளிச்சி கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைவிட்டுப் போனது. "எம் புள்ள செத்த கட்டிலுன்னு பாக்கிற" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பிறகு ஏன் என்று கேட்பாள். தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். "நாயந்தான். வயித்துப் புள்ளக்காரி, பயம் இருக்கும்ல. எடுத்துக்கிட்டுப் போயி என்னா வேணா பண்ணிக்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

எரித்தால் அதன் புகையும் விஷம்தான். என் கூடப்பிறந்த அண்ணனை விட்டு உடைக்கச் சொல்லி, கம்பெனிகள் களிமண் தோண்டிய பள்ளம் ஒன்றில் ஆழமாகப் புதைத்தோம். மேல்சட்டத்தில் அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டேன். சித்தி என் மகனைக் கொஞ்சினாள், காப்பு போட்டாள், ஆனால் அவன் பொருட்கள் எதையும் தொடமாட்டாள். அவனையும் யாராவது தூக்கிக் கொடுத்தால்தான் வாங்குவாள். ராசியில்லாத கை என்று நான் நினைப்பதாக அவளாகவே முடிவு செய்துவிட்டாள். அதற்கு மேல் இருபது வருஷம் இருந்தாள். அவள் வீட்டில் ஒரு பானையில்கூடப் பிறகு நான் கோலத்தைப் பார்க்கவில்லை. அவளை எதிலிருந்தோ காப்பாற்றினேன் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். இப்போது அந்த நம்பிக்கையும் இல்லை. கடைசியாகப் பார்த்தபோது, படுக்கையில் கிடந்தபடி, சிரித்துக்கொண்டே சொன்னாள். "அந்தப் பிராத நாம திரும்ப வாங்கவே இல்ல பாரு பாப்பா. முருகனாலயே கண்டுபுடிக்க முடியில." அவள் விரல்களை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெளியே மருமகள் பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாற்காலி காய்கிற வரைக்கும் தொடக் கூடாது என்று சொல்வது கேட்டது. அந்த டப்பாவில் ஈயம் இல்லை என்று போட்டிருந்ததைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பல் தடத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தேன். நான் மொத்தமாகப் பூசிய இடம்தான். கட்டையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். பேத்தியைத் தூக்குவதற்கு முன் குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினேன்.