ரேவதி, காலை 7.52 வரை

என் அம்மா காளீஸ்வரி போன ஆனியில் இறந்தாள். ஐம்பத்து நாலு வயது. இளையாத்தங்குடிக்குப் பக்கத்துச் சிற்றூரில் நாற்று நட்டும் களையெடுத்தும் வாழ்ந்தவள், கடைசி ஆறு வருடங்களைக் காரைக்குடியில் ஒரு வாடகை வீட்டில் கழித்தாள். அந்த வீட்டை அவள் பிடித்ததையும் விடாமல் வைத்துக்கொண்டதையும் சொன்னாலே அவளைச் சொன்ன மாதிரிதான்.

அப்பா சோணைக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். ஊரிலிருந்து பஸ் மாறி மாறிப் போய் வர அவரால் முடியவில்லை. எங்கள் பங்குக்கு வந்த ஓட்டு வீடும் முந்தின வருட மழையில் விழுந்துவிட்டது. காரைக்குடியில் எட்டு வீடு பார்த்தோம். நோயாளி என்றதும் எட்டு பேரும் கையை விரித்தார்கள். சாவு யாருக்கும் வேண்டாம். அதிலும் அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றில் உயிர் போனால் அது அடைப்பு. அந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டில் இன்னொரு உயிர் போகும் என்பார்கள்.

ஒன்பதாவது வீட்டுக்குப் போகும்போது அம்மா அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையை மறைக்க முழுக்கைச் சட்டை. வீட்டுக்காரம்மா மஹாலட்சுமி வாசலிலேயே நின்றிருந்தார்.

“இந்த வேகாத வெயில்ல முழுக்கைச் சட்டையா! மாப்பிள்ளை கணக்கால்ல வந்திருக்கீக.”

“வீட்டைப் பொண்ணு பாக்க வந்திருக்கோம்ல,” என்றார் அப்பா, விழாமலிருக்க ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

மஹாலட்சுமி சிரித்துவிட்டு அம்மாவைத் தனியே கூப்பிட்டார். “ஏத்தா, ஒளிக்காமச் சொல்லு. படுக்கையில விழுற ஆளு யாரும் இல்லையே? முன்ன குடியிருந்த பெரியவரு சதயத்துல போயிட்டாரு. ஆறு மாசம் பூட்டிப் போட்டேன்.”

“அவுகளுக்கு முதுகு வலிதான்க்கா. வேற ஒண்ணுமில்ல.”

பின்கட்டில் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் கிடைத்தன. பொய் ஒரு மாதம் தாங்கியது. தெரிந்தபோது மஹாலட்சுமி சத்தம் போடவில்லை. “வந்துட்டீக, இருங்க. ஆனா அடைப்புன்னு ஆச்சுன்னா அன்னைக்கே காலி பண்ணிரணும்,” என்றார். அதற்குப் பிறகு அம்மா தினமும் விடிந்ததும் காலண்டர் தாளைக் கிழித்து நட்சத்திரம் பார்த்தாள். அந்த ஐந்து நாளும் அப்பாவுக்குக் கவனிப்பு அதிகம்.

“என்னடி, இன்னைக்கு உபசாரம் பலமா இருக்கு?”

“அவிட்டம். பேசாமச் சாப்பிடுங்க.”

புரட்டாசியில் ஒருநாள் காலை ஆறேகாலுக்கு என்னை எழுப்பினாள். “சத்தியா, பால் வாங்கிட்டு வா. அப்படியே அப்பாவுக்கு மாத்திரையும். மருந்துக்கடை எட்டு மணிக்குத்தான் தெறப்பான். இருந்து வாங்கிட்டு வா.”

அப்பா கழுத்துவரை போர்த்திப் படுத்திருந்தார். “போயிட்டு வாரேம்ப்பா,” என்றேன். வாசலில் அம்மா கோலம் போடத் தொடங்கியிருந்தாள். “இன்னைக்கு என்ன பெரிய கோலமா இருக்கு?” என்றார் மஹாலட்சுமி. “சும்மாதான்க்கா,” என்று அம்மா சிரித்தாள்.

எட்டு மணிக்கு மேல் நான் திரும்பியபோது தெருமுனையிலேயே அவள் அலறல் கேட்டது. உள்ளே மஹாலட்சுமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “எப்பத்தா?”

“இப்பத்தான்க்கா. கடுங்காப்பி கொடுக்கப் போனேன்…”

அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். ரேவதி காலை 7.52 வரை, பின்பு அசுவினி. அதன்பிறகுதான் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

வீடு எங்களிடமே இருந்தது. நான் படிப்பை முடித்தேன், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மா மட்டும் அந்த அறையில் படுக்கவில்லை, என்னையும் படுக்கவிடவில்லை. ஆறு மாதம் அதன் மூலையில் ஒரு விளக்கும் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தாள். மஹாலட்சுமி இருமினால் கூடப் பதறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். “உங்கம்மா மாதிரி ஒரு குடித்தனம் எனக்குக் கெடைக்காது,” என்று அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். துக்கம் அவளை அப்படி மாற்றிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

போன சித்திரையில் அம்மாவும் படுத்தாள். வைகாசி கடைசியில் ஒரு மத்தியானம், கஞ்சியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ஆறு பத்துக்கே அடங்கிருச்சுடி. அழுதா அக்காவுக்குக் கேட்டுரும். முந்தானையை வாயில வச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பெறகு உன்னைய அனுப்பிட்டுக் கோலம் போட்டேன்.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அது போதாது என்பது போல் உருவிக்கொண்டாள்.

“அது இல்லடி. காலு சில்லுன்னு இருந்துச்சு. நெஞ்சு சூடாத்தான் இருந்துச்சு. ஆட்டோ பிடிச்சிருந்தா ஆசுபத்திரி பத்து நிமிசம். நான் மணியைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “நீ பால் வாங்கப் போகயில அப்பாவைப் பாத்தேல்ல? மூச்சு ஓடுச்சா?”

நான் அன்று சரியாகப் பார்க்கவில்லை. ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனேன்.

“பாத்தேம்மா,” என்றேன். “மூச்சு இல்ல. அப்பவே போயிட்டாக.”

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்துட்டா பால் வாங்கப் போன?” என்றாள்.

அதன்பிறகு பதினேழு நாள் இருந்தாள். அதைப் பற்றி என்னிடம் மறுபடி கேட்கவில்லை.